பரணில் தூங்குற அரசு லேப்டாப்... விம் செட் பண்ணினா கோடிங் பழகலாம்!

பிளஸ் டூ படிக்கும்போது அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அரசு லேப்டாப் உங்க வீட்டுப் பரணில் தூங்குதா? இறக்குங்க! கூடுவாஞ்சேரியில் ரயிலேறி பொத்தேரிக்கும் தாம்பரத்துக்கும் காலேஜ் போறவங்கள்ல சிலருக்குக் கையில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் போன்தான். அதில் பைத்தான் எழுதிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒரு பிராக்கெட் போடவே உசுரு போகும். புது லேப்டாப் கேட்டு அப்பாகிட்ட போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நாமதான் அந்தப் பக்கமே போகலை. இத்தனைக்கும் அது நம்ம ஏரியா சரக்கு! உருவாக்கியது சென்னை சி-டாக். அந்தத் திட்டத்தில் கைகோத்த ஏயூ-கேபிசி ஆய்வு மையம் இருப்பது குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தில்.

பழைய மெஷினில் விஎஸ் கோட் திறந்தா திணறிடும். டெர்மினலுக்குள்ளேயே ஓடுற விம் எடிட்டருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனா, முதல் நாளே ஒரு கடுப்பு காத்திருக்கும். டெர்மினலில் 'விஐ'னு அடிச்சு எழுத ஆரம்பிச்சு, அம்புக்குறி பட்டனைத் தட்டினா, கர்சர் நகராம ஏ, பி, சி, டி-னு எழுத்து விழும்.

லேப்டாப் கெட்டுப்போகலை. பாஸ், டெபியன் லினக்ஸை அடித்தளமா வெச்சது. டெபியன் குடும்பத்தில் வழக்கமா 'விம்-டைனி'ங்கிற சின்ன பதிப்புதான் இருக்கும். அது 1976-ல் பில் ஜாய் எழுதிய பழைய 'விஐ' மாதிரியே நடந்துக்கும். அவர் பயன்படுத்திய டெர்மினலில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் எழுத்துகள் மேலேதான் அச்சாகி இருந்தன. இன்னைக்கும் விம்மில் அந்த நாலு எழுத்தும் கர்சரை நகர்த்தும்.

சரிசெய்ய நெட்கூட வேண்டாம். 'நானோ' எடிட்டரில், உங்க ஹோம் ஃபோல்டரில் '.விம்ஆர்சி'னு ஒரு ஃபைல் உருவாக்குங்க. முன்னாடி புள்ளி முக்கியம். அதில் எல்லாத்தையும் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், வரிக்கு ஒண்ணா அடிங்க:

செட் நோகம்பாட்டிபிள்
செட் பேக்ஸ்பேஸ்=2
செட் நம்பர்
செட் எக்ஸ்பேண்ட்டேப்
செட் ஷிஃப்ட்விட்த்=4
செட் டேப்ஸ்டாப்=4

'செட்' தவிர மத்ததெல்லாம் ஒட்டி எழுதுற ஒரே சொல். முதல் வரி அம்புக்குறியைச் சரிபண்ணும், இரண்டாவது பேக்ஸ்பேஸை. மூணாவது வரி எண் காட்டும். 'லைன் 14-ல் எரர்'னு பைத்தான் திட்டும்போது அருமை புரியும். கடைசி மூணும் டேப் அடிச்சா நாலு ஸ்பேஸ் விழ வைக்கும். கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். முடிஞ்சது. கலர் கலரா கோடு தெரியணும்னா மட்டும் முழு விம்மை இன்ஸ்டால் பண்ணணும்.

எழுத 'ஐ', முடிச்சதும் எஸ்கேப், சேவ் பண்ணி வெளியேற முக்காற்புள்ளி போட்டு 'டபிள்யூக்யூ', என்டர். வெளியே வரத் தெரியாம முழிச்சா வெட்கப்படாதீங்க. 'விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது?'ங்கிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்வியை 2017-லேயே 10 லட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தாங்க. தமிழ் கீபோர்டு ஆனில் இருந்தா இந்தக் கட்டளைகள் வேலை செய்யாது. எஸ்கேப் அடிச்சதும் ஆங்கிலத்துக்கு மாறிடுங்க.

அந்த லேப்டாப் பேட்டரி இந்நேரம் செத்திருக்கும். கரன்ட் போனா மொத்தமும் ஆஃப். அப்பவும் பதறாதீங்க. 200 எழுத்து அடிச்சதும், இல்லைன்னா நாலு செகண்ட் கையை எடுத்ததும், விம் ஒரு ஸ்வாப் ஃபைலில் உங்க கோடை எழுதி வெச்சுக்கும். மறுபடி அதே ஃபைலைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை வரும். முழு விம்மில் 'ஆர்' தட்டினா கடைசியா ஸ்வாப் ஃபைலில் எழுதின இடம் வரைக்கும் மீண்டுடும். உடனே சேவ் பண்ணி வெளியே வாங்க. அடுத்த தடவை அதே எச்சரிக்கை வந்தா, முழு விம்மில் 'டி' தட்டி பழைய ஸ்வாப் ஃபைலை அழிச்சிடுங்க.