கப்பல் எங்கே இருக்கிறது? மானிட்டரில் பாருங்கள்!

நாகூர் கடற்கரையில் இருட்டிய பிறகு சற்று நேரம் உட்கார்ந்தால், வடகிழக்கே கடலில் சில விளக்குகள் தெரியும். பக்கத்திலுள்ள காரைக்கால் துறைமுகத்திற்குள் நுழையக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் அவை. கப்பலின் பெயர் என்ன, எந்த நாட்டுக் கொடி, எங்கே போகிறது என்பதையெல்லாம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம்.

இதற்குக் காரணம் ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி. கப்பலில் உள்ள இக்கருவி ஜி.பி.எஸ். மூலம் தன் இருப்பிடத்தை அறிந்து, வேகம், திசை ஆகியவற்றோடு சேர்த்து வி.எச்.எப். ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். ஓடும் கப்பலிலிருந்து 2 முதல் 10 விநாடிக்கு ஒரு முறையும், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து 3 நிமிடத்திற்கு ஒரு முறையும் தகவல் வரும். பல கப்பல்கள் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் வராதா? வராது. ஒவ்வொரு நிமிடமும் 2250 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கப்பலும் தனக்கென ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறது.

சர்வதேசப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், பயணிகள் கப்பல்களுக்கும் 2004 இறுதிக்குள் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் தடுப்பதே முதல் நோக்கம்.

எப்படிப் பார்ப்பது? பிரவுசரில் மரைன்டிராபிக் டாட் காம் தளத்தைத் திறங்கள். மேப்பை நாகப்பட்டினம் பக்கம் நகர்த்தி, மவுஸ் வீலால் பெரிதாக்குங்கள். பச்சை நிறம் சரக்குக் கப்பல், சிவப்பு எண்ணெய்க் கப்பல். ஒன்றின் மீது கிளிக் செய்தால் விவரம் வரும். 2023 அக்டோபரில் தொடங்கி, 2024 ஆகஸ்டில் மீண்டும் விடப்பட்ட நாகை - காங்கேசன்துறை பயணிகள் கப்பலையும், அது ஓடும் நாட்களில் தேடிப் பாருங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடலுக்குப் போன நம் வீட்டுப் படகு மேப்பில் இல்லையே என்று பதற வேண்டாம். சிறிய படகுகள் பலவற்றில் ஏ.ஐ.எஸ். கிடையாது. அலைவரிசையும் ஏறத்தாழ 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் வரைதான் எட்டும். கரையில் ரிசீவர் இல்லாத இடத்தில் கப்பலே இருந்தாலும் இலவச மேப்பில் தெரியாது.

2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் இப்போது படகுகளில் பொருத்தப்படுகிறது. 1 லட்சம் படகுகளுக்கான இத்திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இது செயற்கைக்கோள் வழியாக இயங்குவதால் செல்போன் டவர் தேவையில்லை. கரையிலிருந்து புயல் எச்சரிக்கை அனுப்பலாம்; படகிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பலாம். கடல் எல்லையை நெருங்கினாலும் எச்சரிக்கும். நம் பகுதி மீனவர்களுக்கு இது எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தகவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நம் பிரவுசருக்கு வராது. எனவே படகு திரும்பத் தாமதமானால் மேப்பைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.