அவகாசம் தரும் மார்க்கமும் அவகாசம் தராத மீட்டரும்



கடன்பட்டவர் வசதியற்றுத் தவித்தால், வசதி வரும்வரை அவருக்கு அவகாசம் அளிக்க வேண்டும். அதனைத் தருமமாக விட்டுவிடுவது இன்னும் மேலானது. இது திருமறையின் அல்பகரா அத்தியாயம், 280ஆம் வசனத்தின் கருத்தாகும். கையில் பொருளிருந்தும் இழுத்தடிப்பவனை அநீதி செய்பவன் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இவ்விருவரையும் பிரித்தறிவதே நீதி.

இந்த நீதிக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. விவசாயம் நீங்கலான மின் நுகர்வோருக்கு முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும்படி, 2021 ஆகஸ்டில் மத்திய அரசு காலக்கெடுவுடன் அறிவிக்கை வெளியிட்டது. இம்மீட்டரில் முதலில் பணம் செலுத்த வேண்டும், பிறகே மின்சாரம். இருப்பு தீர்ந்தால் இணைப்பைத் தொலைவிலிருந்தே துண்டிக்க இயலும்.

முன்பணம் கொடுப்பது மார்க்கத்தில் கூடாதா? அப்படியன்று. விலையை முன்னரே கொடுத்துப் பொருளைப் பின்னர் பெறும் 'ஸலம்' வியாபாரம் ஆகுமானதே. ஆட்சேபம் முன்பணத்தின் மீதன்று. அவகாசம் பறிபோவதன் மீதே. கட்டணம் பாக்கியானால் 15 நாட்கள் எழுத்துமூல அறிவிப்புத் தந்த பின்னரே இணைப்பைத் துண்டிக்கலாம் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு விதித்தது. அந்தப் பதினைந்து நாட்களில் ஏழை கடன் கேட்பார், கூலி வாங்குவார், உறவினரை நாடுவார். முன்கட்டணத்தில் பாக்கியே இல்லை. ஆகவே அந்த அவகாசமும் இல்லை. கைப்பேசியில் எச்சரிக்கை வரலாம். வாசிக்கத் தெரியாத மூதாட்டிக்கு அதனால் என்ன பயன்?

நம் பகுதியையே எண்ணிப் பாருங்கள். கலவையிலும் சுற்றுப்புறங்களிலும் அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீடுகள் எத்தனை! ஆம்பூர் வட்டாரத்தில் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. வேலை வராத வாரத்தில் வருமானம் இல்லை. விளக்கும் அணைந்தால் வந்த வேலையையும் இரவில் செய்ய இயலாது.

பிரிட்டனில் பாக்கி வைத்தோரின் வீடுகளில் வலுக்கட்டாயமாக முன்கட்டண மீட்டர் பொருத்தியமை 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் அதே ஆண்டில் வந்த விதிகள், 75 வயதைக் கடந்து துணையற்றிருப்போர், 2 வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டார், மின்கருவியை நம்பி வாழும் நோயாளிகள் ஆகியோருக்குக் கட்டாயமாகப் பொருத்தலாகாது என்று காப்பளித்தன. அங்கே இயன்றது இங்கே இயலாதா? இத்தகைய வீடுகளுக்கு விலக்கும், இருப்பு தீர்ந்த பின்னும் சில நாள் அவகாசமும் வேண்டுமென்று ஜமாஅத்துகள் மின்வாரிய அதிகாரிகளிடம் மனுச் செய்யலாம். இது நம் சமுதாயத்துக்கு மட்டுமன்றி, அண்டை வீட்டார் அனைவருக்குமான கோரிக்கையாக இருக்கட்டும்.

மனுவோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு மஹல்லாவிலும் விதவையர், நோயாளிகள், முதியோர் வாழும் வீடுகளைப் பைத்துல்மால் கணக்கெடுத்து வைக்கட்டும். ஜகாத் பணத்தால் உதவுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத்தை ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுத்தல் அவசியம். பழைய பாக்கியாயின், அந்த ஏழையின் அனுமதி பெற்று அதனை அடைக்கலாம். முன்கட்டணமோ கடனன்று, ஆதலால் பணத்தை அவர் கையிலேயே ஒப்படைத்துவிடுவது பேணுதலானது. அது அவருடைய மானத்தையும் காக்கும்.

வேலை கொடுக்கும் செல்வர்களே! வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை மறவாதீர்கள். உரிய நாளில் கூலி கிடைத்தால் பல வீடுகளுக்கு உதவியே தேவைப்படாது.

அற்பப் பொருளையும் அண்டை வீட்டாருக்குக் கொடாமல் தடுப்போரை அல்மாஊன் அத்தியாயம் இடித்துரைக்கிறது. உப்பும் நெருப்பும் அத்தகைய பொருள்களே என்று விரிவுரையாளர்கள் எழுதினார்கள். இக்காலத்தில் விளக்கொளியும் அவற்றில் ஒன்றல்லவா? இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பும்போது, உங்கள் தெருவில் எந்த வீடு இருண்டிருக்கிறதென்று விசாரியுங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் இதயங்களையும் ஒளிபெறச் செய்வானாக! ஆமீன்.