கிறிஸ்தவக் கட்சியும் ஓட்டுப் பெட்டியும்

தென்னாப்பிரிக்காவில் நூற்றுக்கு எண்பது பேருக்குக் குறையாமல் கிறிஸ்தவர்கள். அந்நாட்டிலே கிறிஸ்து மதத்தின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி, வேதாகமத்தையே தன் கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டி, ஒரு கட்சி 1994 முதல் ஓட்டுக் கேட்டு வருகிறது. ஏழு பொதுத் தேர்தல்கள் நடந்து விட்டன. அவற்றில் ஒன்றிலாவது நூற்றுக்கு இரண்டு ஓட்டு அதற்கு விழவில்லை. ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி என்பது அதன் பெயர்.

கடல் கடந்த தேசத்துச் சிறு கட்சியொன்றின் ஓட்டுக் கணக்கு வலங்கைமான் வாசகருக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அந்த ஊருக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பழைய உறவு உண்டு. 1869ல் வலங்கைமானில் பிறந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாக 1927 முதல் 1929 வரை அங்கே இருந்து, உரிமையிழந்து நின்ற நம்மவர்களுக்காக வாதாடினார். டர்பன் நகரத்துச் சாஸ்திரி கலாசாலை அவர் பெயரைத் தாங்கியது. அவருடைய மிதவாதம் தேசியவாதிகளுக்குக் கசந்தது. அது வேறு கதை. 1931ல் லண்டனில் கூடிய இரண்டாவது வட்டமேஜை மகாநாட்டுக்கும் அவர் போயிருந்தார். அதே மகாநாட்டில் அதே தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த இன்னொருவரும் இருந்தார். அவர் ராவ்பகதூர் ஏ. டி. பன்னீர்செல்வம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி ஓட்டு வேண்டும் என்று கேட்டவர் அவர். மதத்தின் பெயரால் ஓட்டைப் பிரித்தால் அந்த மதத்தாருக்கு லாபமா நஷ்டமா என்ற கேள்வி இவ்வாறு நம் காவிரிக் கரையிலிருந்தே கிளம்பி லண்டன் வரை போயிற்று. அதற்கு இரண்டு தேசங்களில் இரண்டு விதமான விடை கிடைத்திருக்கிறது. முதலில் தென்னாப்பிரிக்காவின் விடையைப் பார்ப்போம்.

கென்னத் மெஷோ என்னும் போதகரைத் தலைவராகக் கொண்டு 1993 டிசம்பரில் அந்தக் கட்சி எழுந்தது. மறுவருஷமே, கறுப்பரும் வெள்ளையரும் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்று ஓட்டளித்த தேர்தலில், அதற்குச் சுமார் 88 ஆயிரம் ஓட்டுகள் கிடைத்தன. நூற்றுக்கு 0.45 வீதம், பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானங்கள். 1999ல் 1.43 வீதமும் ஆறு ஸ்தானங்களும். 2004ல் இரண்டரை லட்சம் ஓட்டுகள், 1.60 வீதம், ஏழு ஸ்தானங்கள். அதுவே அக்கட்சி தொட்ட உச்சி. பிறகு இறக்கந்தான். 2009ல் மூன்று ஸ்தானங்கள், 2014ல் 0.57 வீதமும் அதே மூன்றும், 2019ல் சற்று நிமிர்ந்து நான்கு, 2024ல் 0.60 வீதமும் மீண்டும் மூன்றும். கடைசித் தேர்தலில் விழுந்த ஓட்டு ஒரு லட்சத்துக்கும் குறைவு. முப்பது வருஷம் உழைத்து, புறப்பட்ட இடத்துக்கே ஏறக்குறையத் திரும்பி வந்திருக்கிறது.

இந்த மூன்று நான்கு ஸ்தானங்கள்கூட அங்குள்ள தேர்தல் முறையின் தயவால் கிடைத்தவை. அங்கே ஸ்தானங்கள் நானூறு. நாடு முழுவதும் கட்சிக்கு விழும் ஓட்டின் விகிதப்படியே அவை பங்கிடப்படுகின்றன. நானூறில் ஒரு பங்கு ஓட்டிருந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்தானம் நிச்சயம். இந்த ஓட்டை வைத்துக் கொண்டு நம் நாட்டு முறையில் நின்றிருந்தால் ஒரு ஸ்தானமும் கிடைத்திராது. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாத அபேட்சகர் டிபாசிட் இழக்கும் தேசம் நம்முடையது.

கிடைத்த ஸ்தானங்களைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள்? 1996 மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் புதிய அரசியல் சட்டம் ஓட்டுக்கு விடப்பட்டபோது 421 பேர் ஆதரித்தார்கள். பத்துப் பேர் நடுநிலை வகித்தார்கள். இரண்டே பேர் எதிர்த்தார்கள். அந்த இருவரும் இக்கட்சியார். கருச்சிதைவுச் சட்டத்தையும், பின்னர் 2006ல் ஒரே பாலார் விவாகத்தை அனுமதித்த சட்டத்தையும் இவ்வாறே எதிர்த்து நின்றார்கள். அச்சட்டங்களின் நன்மை தீமையை இங்கே நாம் ஆராயப் புகவில்லை. மனச்சாட்சிக்கு ஒத்ததைத் தனியாக நின்றேனும் சொல்வது ஒரு கட்சிக்கு அழகுதான். ஆனால் அவர்கள் எதிர்த்த சட்டங்கள் எல்லாம் நிறைவேறின என்பதும் உண்மை.

ஒரே ஒரு முறை அவர்கள் கை ஓங்கியது. 2006ல் கேப்டவுன் நகரசபையில் ஹெலன் ஜில்லே அம்மையார் மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் மேயரானபோது, அவரைத் தாங்கிய பல கட்சிக் கூட்டில் இவர்களும் இருந்தார்கள். துணை மேயர் பதவி இவர்களுக்குக் கிடைத்தது. தராசு சமமாக நிற்கும்போது ஒரு குன்றிமணிக்கும் மதிப்பு வந்து விடுகிறது. நகரசபையில் வாய்த்த அந்தச் சந்தர்ப்பம் தேசத்தின் சபையில் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

கிறிஸ்தவ தேசத்துக் கிறிஸ்தவர் கிறிஸ்தவக் கட்சியை ஏன் கைவிட்டார்? நமக்குத் தோன்றும் காரணம் இது. நிறவெறி ஆட்சிக்கு வேதத்தில் ஆதாரம் தேடிக் கொடுத்தது டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை. அதே வேதத்தைக் கையில் ஏந்தி அந்த ஆட்சியை எதிர்த்தவர் ஆர்ச்பிஷப் டூட்டு. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபே ஒரு பாதிரியார். அதன் பிற்காலத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி ஒரு பிரசங்கியார். ஆளும் கட்சியிலும் கிறிஸ்தவர், எதிர்க்கட்சியிலும் கிறிஸ்தவர், ஒடுக்கியவரும் கிறிஸ்தவர், ஒடுக்கப்பட்டவரும் கிறிஸ்தவர் என்றிருக்கும் இடத்தில், 'நாங்கள் கிறிஸ்தவர்' என்று ஒரு கட்சி சொல்வதால் ஓட்டருக்குப் புதிதாக என்ன தெரிந்து விடும்? நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு, வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பவற்றைக் கொண்டே அவன் ஓட்டளித்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போவது போலத் தேர்தல் சாவடிக்கும் போவான் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

அங்கே கிறிஸ்தவர் பெரும்பான்மையோர். சிறுபான்மையாக வாழும் இடத்தில் கணக்கு வேறல்லவா என்று கேட்பவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு விடை நம் மாகாணத்திலேயே இருக்கிறது.

இன்று தனித் தொகுதி என்றால் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மட்டும் நிற்க, எல்லா ஜாதியாரும் ஓட்டளிக்கும் தொகுதி. பன்னீர்செல்வம் கேட்ட தனித் தொகுதி அதுவன்று. கிறிஸ்தவரே நிற்பது, கிறிஸ்தவரே ஓட்டளிப்பது. மற்றவர் அந்தப் பெட்டியின் பக்கம் வரக் கூடாது. 1919ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் சென்னைச் சட்டசபையில் அவ்வாறு ஐந்து ஸ்தானங்கள் ஏற்கெனவே இருந்தன. லண்டனில் கிறிஸ்தவர்கள் ஒருமுகமாக இருக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சேலத்தில் பிறந்த கே. டி. பால் தனித் தொகுதியை விரும்பாதவர். முதல் மகாநாட்டுக்குப் போய் வந்து 1931லேயே காலமானார். இரண்டாவது மகாநாட்டில் டாக்டர் எஸ். கே. தத்தா காந்தியடிகளின் பக்கம் நின்றார். பன்னீர்செல்வமோ ஆகாகான், டாக்டர் அம்பேத்கர், சர் ஹென்றி கிட்னி, சர் ஹியூபர்ட் கார் ஆகியோருடன் சேர்ந்து சிறுபான்மையோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1932 ஆகஸ்டில் மக்டொனால்டின் வகுப்புத் தீர்ப்பு வந்தது. 1935ஆம் வருஷத்துச் சட்டப்படி சென்னைக் கீழ்ச்சபையின் 215 ஸ்தானங்களில் இந்தியக் கிறிஸ்தவருக்கு எட்டு, கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஒன்று, ஆக ஒன்பது ஒதுக்கப்பட்டன.

ஒரிஸா எல்லையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும், மேற்கே மலையாளக் கரை வரைக்கும் பரந்து கிடந்த மாகாணத்துக்கு எட்டே பொதுக் கிறிஸ்தவ ஸ்தானங்கள்! ஓட்டும் சொத்துள்ளவருக்கும் வரி கொடுப்பவருக்கும் எழுத்தறிந்தவருக்கும்தான். நம் ஜில்லாவில் சேற்றில் நின்று நாற்று நட்ட கிறிஸ்தவப் பண்ணையாளுக்கு அந்தப் பெட்டி இருந்தும் இல்லாததுதான். 1937 தேர்தலில் காங்கிரஸ் 159 ஸ்தானங்களைப் பிடித்தது. அந்த ஒன்பது பேரும் ஒரே கட்சியாக ஒட்டி நின்றிருந்தாலும் மந்திரி சபையை ஓர் அங்குலம் அசைத்திருக்க முடியாது. கிறிஸ்தவர் ஓட்டு தனிப் பெட்டியில் விழுந்ததால், பொதுத் தொகுதியில் நின்ற அபேட்சகர் எவரும் கிறிஸ்தவத் தெருவுக்குள் கால் வைக்க வேண்டிய அவசியமும் இல்லாமற் போயிற்று. தனிப் பெட்டியின் பெரிய நஷ்டம் இதுவே என்பது நம் அபிப்பிராயம்.

இதில் ஒரு விநோதம் உண்டு. பன்னீர்செல்வம் அவர்களின் செல்வாக்கு கிறிஸ்தவ ஓட்டில் விளைந்ததன்று. தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்து பேரெடுத்தவர் அவர். ஹிந்துக்களே நிறைந்த ஜில்லாவில் ஹிந்துக்களே நிறைந்த போர்டு அது. அவர் வளர்ந்த கட்சி ஜஸ்டிஸ் கட்சி. அது எந்த மதத்துக்கும் உரிய கட்சியன்று. மாகாண சர்க்காரில் உள்நாட்டு மெம்பர் பதவி வரை உயர்ந்தார். 1940 மார்ச் முதல் தேதி, லண்டனுக்குப் பறந்த ஹானிபல் விமானம் ஓமான் கடலில் மறைந்தபோது அவரும் மறைந்தார். அவர் அரசியலோடு தேசியவாதிகள் ஓயாமல் மோதியவர்கள்தாம். ஆயினும் மற்றவரின் நம்பிக்கையையும் சம்பாதித்து உயர்ந்த ஒரு கிறிஸ்தவர், தம் சமூகத்துக்குத் தனிப் பெட்டி கேட்டது நமக்கு என்றும் விளங்காத புதிர்.

சுதந்திரம் வந்த பின் தனி ஓட்டு ஒழிந்தது. பொது ஓட்டில் சென்னை, பம்பாய்க் கிறிஸ்தவருக்குச் சில ஸ்தானங்களை மட்டும் ஒதுக்கலாம் என்று 1947ல் ஒரு யோசனை இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் உபாத்தியக்ஷர் எச். சி. முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். சென்னையிலிருந்து போன ஜெரோம் டிசூஸா ஒரு கத்தோலிக்கக் குரு. அவர்களே அந்த ஒதுக்கீடு வேண்டாமென்று இசைந்தார்கள். 1949 மே மாதத்தில் சபை அதைக் கைவிட்டது.

அதனால் கிறிஸ்தவர் அரசியலில் அழிந்து போயினரா? மார்ஷல் நேசமணி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸை நடத்தினார். அவர் கிறிஸ்தவர், கட்சியோ தமிழ் பேசும் தாலுகாக்களைத் தாய்நாட்டோடு சேர்க்கப் பிறந்தது. 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சபையில் பன்னிரண்டு ஸ்தானங்களை வென்றது. 1956 நவம்பரில் கன்னியாகுமரி ஜில்லாவே நம்மிடம் வந்து சேர்ந்தது. மறுவருஷம் குளச்சலில் காங்கிரஸ் அபேட்சகராக வென்ற லூர்தம்மாள் சைமன் காமராஜரின் மந்திரி சபையில் அமர்ந்தார். கிறிஸ்தவப் பெயர் தாங்கிய கட்சி முப்பது வருஷத்தில் காணாத பலனை, மொழியின் பெயரால் நின்ற கட்சி சில வருஷங்களில் கண்டது.

ஆனால் 1949ல் மனமுவந்து விட்டுக் கொடுத்த அந்தச் சமூகத்திலே ஒரு பகுதியார் இரண்டு பக்கமும் இழந்து நிற்கிறார்கள். அவர்கள் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள். கிறிஸ்தவ ஸ்தானம் போயிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கிய ஸ்தானமோ அவர்களுக்கு வரவேயில்லை. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு அந்தப் பட்டியலை ஹிந்துக்களுக்கென வகுத்தது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்பட்ட வகுப்பினர் என்ற கணக்கில் இருக்கிறார்கள். அதில் சட்டசபை ஸ்தானம் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. தமிழர் நிறைந்த கோலார் தங்கவயலில் 1967ல் தனித் தொகுதியில் வென்றவர் கிறிஸ்தவராகி விட்டவர் என்று சுப்ரீம் கோர்ட் 1968ல் அத்தேர்தலைச் செல்லாதென்றது. அவரே 1972ல் மீண்டும் வென்றார்; தாய்மதம் திரும்பியவரை ஜாதியார் ஏற்றுக் கொண்டனர் என்று அதே கோர்ட் 1975ல் வெற்றியை ஒப்புக் கொண்டது. மனிதர் ஒருவரே, தெரு மாறவில்லை, கிணறு மாறவில்லை. மாறியது கோயில் மட்டும்.

ஞானஸ்நானம் பெற்றதும் தீண்டாமை நீங்கி விட்டது என்று சர்க்கார் கருதுமானால், அதைக் கிராமத்தில் வந்து பார்த்துச் சொல்லட்டும். மத வித்தியாசமின்றி அந்தஸ்து தர வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007ல் சிபாரிசு செய்தது. 2022ல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷனை மத்திய சர்க்கார் நியமித்தது. இதற்காகக் கிறிஸ்தவக் கட்சி ஒன்றை யாரும் ஆரம்பிக்க வேண்டியதில்லை. அதன் கதி என்னவாகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் பார்த்தோம். ஓட்டு வாங்கும் எல்லாக் கட்சியாரும் தங்கள் பிரகடனத்தில் இதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுத வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

வலங்கைமான் 2008ஆம் வருஷத்துத் தொகுதிச் சீரமைப்பு வரை தனித் தொகுதியாக இருந்தது. இப்போது நன்னிலம் பொதுத் தொகுதியில் அடங்கி விட்டது. பார்லிமெண்டுத் தேர்தலில் அவ்வூர் ஓட்டும் வேளாங்கண்ணி ஓட்டும் ஒரே நாகப்பட்டினம் தொகுதியில் விழுகின்றன. அது தனித் தொகுதி. மாதா கோயில் கொடியேறும் நாட்களில் தேசமெங்குமிருந்து ஜனங்கள் வந்து குவியும் அந்த ஊரின் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அத்தொகுதியில் ஓட்டளிக்கலாம். மற்றவருக்காக ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாய்ப் போகலாம். அவரே நாமினேஷன் தாக்கல் செய்தால் பரிசீலனை நாளன்று அது தள்ளுபடியாகும்.