கல்வெட்டும் மக்கள் கல்வியும்: பெங்களூரு காட்டும் வழி

ஒரு நாட்டின் வளர்ச்சியை அணைகளாலும் ஆலைகளாலும் மட்டும் அளந்துவிட முடியாது. தம் ஊர் எவ்வாறு தோன்றியது, அதன் ஏரியை வெட்டியவர் யார், அதைக் காக்க உயிர் நீத்தவர் யார் என்பவற்றை மக்கள் அறிந்திருப்பதும் வளர்ச்சியின் ஓர் அங்கமே. இவ்வறிவு பல்கலைக்கழக வகுப்பறைகளில் அடங்கிவிடாமல் பொதுமக்களைச் சென்றடைய வேண்டுமானால் அருங்காட்சியகங்களும் வரலாற்றுச் சின்னங்களும் கல்விக்கூடங்களாக மாற வேண்டும். இதற்குப் பெங்களூரு நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இரு பழைய நிறுவனங்கள்

பெங்களூரு அரசு அருங்காட்சியகம் 1865-ஆம் ஆண்டில் தோன்றியது. 1851-இல் சென்னை அருங்காட்சியகத்தை உருவாக்கிய மருத்துவர் எட்வர்டு பால்ஃபரே இதற்கும் தூண்டுகோலாக இருந்தார். கஸ்தூர்பா சாலையில் உள்ள இதன் செந்நிறக் கட்டடம் பின்னர் 1877-இல் எழுந்தது.

மற்றொன்று, 1909-இல் நிறுவப்பெற்ற மிதிக் சொசைட்டி. நிருபதுங்கா சாலையில் உள்ள டேலி நினைவு மண்டபத்தில் இயங்கும் இச்சங்கம், நூலகம், ஆய்வு இதழ், பொதுச் சொற்பொழிவு ஆகிய மூன்றையும் ஒருங்கே பேணி வந்துள்ளது. கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவர் மட்டுமன்றி, ஆர்வமுள்ள எவரும் அறிஞர் உரையைக் கேட்கலாம் என்ற மரபு இத்தகைய சங்கங்களால்தான் வேரூன்றியது.

ஒரு கல்லுக்குள் இரு வரலாறுகள்

பொருளைக் காட்சிக்கு வைப்பது வேறு. அதன் பொருளை உணர்த்துவது வேறு. அரசு அருங்காட்சியகத்தின் உடைமைகளுள் புகழ்பெற்றது, மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூர்க் கல்வெட்டு. கி.பி. 949-950-ஐச் சேர்ந்த இக்கல்லில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் பொருதும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கங்க மன்னன் பூதுகன், மணலேரன் என்ற வீரனுக்குக் ‘காளி’ என்னும் வேட்டை நாயைப் பரிசளித்தான். அந்நாய் பன்றியுடன் போரிட்டு மாண்டது, பன்றியும் மாண்டது. அதன் நினைவாகக் கல் நாட்டி, வழிபாட்டுக்கு நிலமும் அளித்தனர்.

பார்வையாளர் பலர் இக்கதையைக் கேட்டு வியந்து அப்பால் செல்வர். ஆனால் அதே கல், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணை நின்ற பூதுகன் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கொன்ற செய்தியையும் கூறுகிறது. தக்கோலம் இன்று தமிழ்நாட்டில், அரக்கோணத்திற்கு அருகில் உள்ளது. அவ்விளவரசன் யானைமேல் இருந்தவாறே வீழ்ந்ததைச் சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு உரைக்கிறது. வென்றவரின் சான்றையும் தோற்றவரின் சான்றையும் அருகருகே வைத்து ஒரு சொற்பொழிவாளர் விளக்கும்போதுதான் வரலாறு என்பது ஒரு தரப்புக் கதையன்று என்பதை மாணவர் உணர்வர். பெயர்ப்பலகையால் மட்டும் இதனைச் செய்ய இயலாது.

செவிவழிக் கதையும் சான்றும்

பெங்களூருவின் பெயருக்கு மக்கள் வழங்கும் கதை ஒன்று உண்டு. வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வெந்த அவரையை உண்ணக் கொடுத்ததால் ஊர் ‘பெந்தகாளூரு’ எனப் பெயர் பெற்றது என்பர். இரண்டாம் வல்லாளன் 1173-இல் அரியணை ஏறியவன். ஆனால் பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 900-ஐ ஒட்டிய கல்வெட்டு, ‘பெங்களூருப் போரில்’ வீழ்ந்தவனைக் குறிப்பிடுகிறது. வல்லாளனுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் முன்னரே இப்பெயர் வழங்கியது என்பது இதனால் தெளிவாகும். கதையை இகழாமல், சான்றைக் கொண்டு அதனை எடைபோடும் பயிற்சியை அந்தக் கல்லின் முன்னே நின்று அளிப்பதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறில்லை.

தமிழ் மாணவருக்கும் இங்கே பாடம் உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கவாடி சோழர் ஆட்சிக்கு உட்பட்டது. விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றிய பின்னரும் இப்பகுதியில் தமிழில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டு வந்தன. தொம்பலூர் எனப்பட்ட இன்றைய தொம்மலூரின் சொக்கநாதசாமி கோயிலில் அத்தகையவற்றைக் காணலாம். இரு மொழிகளும் ஒரே மண்ணில் அருகருகே வாழ்ந்தமைக்கு இவை சான்று பகர்கின்றன.

மக்களே காவலர்

பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் தொகுத்து 1905-இல் ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். அன்று வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நின்ற கற்கள் பல, நகரம் விரிந்தபோது மறைந்தன. சில கட்டடங்களின் அடித்தளத்திற்குச் சென்றன. சில சாலைக்கு அடியில் புதைந்தன.

மைய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டமும் கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பெற்ற சின்னங்களுக்கே முழுமையான அரண் அளிக்கின்றன. தெருவோரத்தில் தனித்து நிற்கும் நடுகல் பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அதன் அருமையை அறிந்த அண்டை வீட்டாரே அதற்குக் காவல்.

இதனை உணர்ந்த ஆர்வலர் சிலர், 2017 முதல் ரைசின் தொகுதியைக் கையில் கொண்டு ஊர் ஊராகக் கற்களைத் தேடலாயினர். 2018-இல் ஹெப்பாளத்தில் 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த கிட்டய்யன் நடுகல் வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில் போரிட்டு மாண்ட வீரனின் நினைவுக்கல் அது. அதனைக் காக்க மக்கள் நன்கொடையாலேயே ஒரு மண்டபம் எழுந்தது. 2021 முதல் மிதிக் சொசைட்டி, இக்கற்களை முப்பரிமாண முறையில் பதிவு செய்து வருகிறது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி மைப்படி எடுப்பது பழைய முறை. புதிய முறையில் ஒளிக்கதிரின் துணையால் எழுத்தின் ஆழம் அளக்கப்படுவதால், கண்ணுக்குப் புலனாகாத தேய்ந்த எழுத்துகளையும் படிக்க முடிகிறது. நாளை கல்லே அழிந்தாலும் அதன் வாசகம் எஞ்சும்.

செய்யத்தக்கவை

இவ்வனுபவத்திலிருந்து பிற நகரங்களும் மாவட்டங்களும் மேற்கொள்ளத்தக்க சில வழிகள் உள்ளன. முதலாவதாக, சொற்பொழிவு மண்டபத்தோடு நின்றுவிடாமல், கல் நிற்கும் இடத்திலேயே நிகழ வேண்டும். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். ஆண்டுக்கு இரு நாள்கள் விழா எடுப்பதோடு அமையாமல், மாதந்தோறும் ஒரு நிகழ்ச்சி என்ற ஒழுங்கு தேவை. இரண்டாவதாக, அப்பகுதியில் வழங்கும் மொழிகள் அனைத்திலும் எளிய விளக்கம் வேண்டும். மூன்றாவதாக, ஆசிரியர்களுக்குக் கல்வெட்டு வாசிப்பில் குறுகிய காலப் பயிற்சி அளித்தால், ஒருவர் வழியே பல நூறு மாணவர் பயன்பெறுவர்.

நான்காவது, அலுவலர்களுக்கு உரியது. சாலை, வடிகால் பணிகளுக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரும், நிலப் பதிவேடுகளைப் பேணும் வருவாய்த் துறையினரும் தம் எல்லைக்குட்பட்ட கற்களின் பட்டியலை வைத்திருத்தல் வேண்டும். தோண்டும் பணி தொடங்குமுன் அதனை ஒருமுறை பார்த்தாலே பல இழப்புகளைத் தவிர்க்கலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

நமது பண்பாட்டின் வளமான மரபைப் போற்றிக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு கூறுகிறது. தெரியாத ஒன்றை எவரும் போற்ற இயலாது. ஆதலின், தெரியச் செய்வதே முதற்பணி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற கல்லை ஒரு நாள் பணியில் நாம் இழந்துவிடாதிருக்க, அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் உள்ளாட்சி மன்றங்களும் கைகோத்துச் செயற்பட வேண்டும்.