பனங்காய்ப் பணியாரம்

பனை என்னும் நிலைமொழி காய் என்னும் வருமொழியோடு புணருங்கால், ஈற்று ஐகாரங் கெட்டு, அம்முச் சாரியை பெற்று, பனங்காய் என முடியும். நன்னூல் பயிலும் மாணாக்கர் இவ்விதியைத் தயக்கமின்றிச் சொல்வர். பனங்காய்ப் பணியாரம் என எழுதிக் கொடுத்தால், இடையே வலி மிக்கமைக்கும் விதி கூறுவர். அப்பணியாரம் எங்ஙனம் ஆக்கப்படுவது என்று வினவினாலோ வகுப்பில் அமைதி நிலவும். சொல்லைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைகள் அச்சொல் குறித்த பொருளை அறியாது வளர்கின்றனர். ஆதலின் அப்பொருளைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

முதலிற் பெயரை நோக்குவோம். பணியாரத்திற்கு வேண்டுவது நன்கு பழுத்துத் தானாக விழுந்த கனி. ஆயினும் யாழ்ப்பாணத்து வீட்டு வழக்கில் அது பனங்காய் என்றே நின்றது. இளமையில் நுங்கு, முற்றத் தொடங்கியபின் சீக்காய், பழுத்தபின்னும் பனங்காய். ஆடி, ஆவணி மாதங்களில் இக்கனி உதிரும். உதிர்ந்ததை நெடுநாள் வைத்திருத்தல் இயலாது. விடியற்காலையிற் கடகத்தோடு சென்று பொறுக்கி வந்து, அன்றோ மறுநாளோ அதனை ஆளுதல் வேண்டும்.

ஆக்கும் முறை இது. தலைப்பிலுள்ள இதழ்களைக் கழற்றிப் பழத்தை நெருப்பில் வாட்டுவர். மேற்றோலை உரித்து, விதைகளைப் பிரித்து, சிறிது நீர் தெளித்துக் கையாற் பிசையச் செம்மஞ்சள் நிறமான களி தும்பினின்றும் இறங்கும். அதனைத் துணியில் வடித்து, சீனி சேர்த்து, அடுப்பிலேற்றிக் கைவிடாது கிண்டுவர். பச்சை மணம் நீங்கிக் களி இறுகி வரும்போது இறக்கி ஆறவைத்து, அதன்பின் உப்பும் மாவும் இட்டுக் குழைப்பர். கோதுமை மா இடுவோரும் உளர். வறுத்த அரிசிமா இடுவோரும் உளர். எங்கள் வீட்டு அளவு இரண்டு சுண்டு களிக்கு அரைச் சுண்டு சீனி, ஏறக்குறைய இரண்டு சுண்டு மா. ஏறக்குறைய என்றது, களியின் நீர்ப்பதம் பழத்துக்குப் பழம் வேறுபடுதலால். குழைத்ததைச் சிறுசிறு உருண்டையாக விரலாற் கிள்ளித் தாச்சியிற் காய்ந்த எண்ணெயில் இடுவர். நெருப்பு மிகுந்தாற் புறங் கருகி அகம் வேகாது நிற்கும். பொரித்தவுடன் உண்பதினும் மறுநாள் உண்பது சிறந்தது. ஓரிரவு கழியப் பணியாரம் மெத்தென்றாகிச் சுவை ஊறும்.

மேனாட்டு வீடுகளிலும் இதற்கு உறவான ஒரு சிற்றுணவு உண்டு. பழுத்த புளூபெரி முதலிய சிறு பழங்களை மாவுடன் கலந்து போறணையிற் சுடும் மஃபின் என்பது அது. அதன்கண் மாவே வீடு. பழம் அவ்வீட்டிற்கு வந்த விருந்து. மாவை நெகிழ்விக்கப் பாலும் முட்டையும் உண்டு. உப்பச் செய்வதற்கு ஒரு பொடியும் உண்டு. நம் பணியாரத்தில் நிலை வேறு. பாலில்லை, முட்டையில்லை, பொடியுமில்லை. நீரும் நிறமும் மணமும் களியே. அதனைக் கட்டி நிறுத்தும் அளவுக்கே மா சேர்கின்றது. ஆதலின் களி பிழைத்தால் ஆக்குவோரின் கைத்திறன் பணியாரத்தைக் காவாது.

களி பிழைத்தல் என்றது அதன் கைப்பினை. பிளபெலிஃபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருள்கள் பனங்களியில் உள்ளன; அவற்றுள் ஒன்றே கைப்பைத் தருவது. நம் நாட்டு ஆய்வாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். சப்போனின் நீரில் நுரைக்கும் இயல்பினது. முன்னோர் பனங்களியிட்டுத் துணி வெளுத்தமைக்குக் காரணம் இதுவே. 1990 ஆம் ஆண்டின்பின் வடபகுதி பொருளாதாரத் தடைக்கு உட்பட்டுச் சவர்க்காரம் அரிதாகிய காலத்தில் நாங்களும் அவ்வாறே வெளுத்தோம். வெளுத்த துணியிற் பழமணம் நின்றது. கொடியிற் காய்ந்த சட்டையை மாடு சப்பிய கதை எங்கள் அயலில் வீடுதோறும் உண்டு.

காய்ச்சுதலாலும் சீனியாலும் கைப்பு ஓரளவே அடங்கும். அதன் அளவு மரத்துக்கு மரம் வேறு. ஆகவே பணியாரக் கலையின் முதற்பாடம் மரத்தைத் தெரிதல். எங்கள் வளவில் மூன்று பெண்பனைகள் நின்றன. கிணற்றடிப் பனையின் களி இனியது, பணியாரத்திற்கு உரியது. கோடிப் பனையின் களி பனாட்டுக்கு ஏற்றது. படலையடிப் பனையின் களி துணி வெளுக்கவே ஆகும். இவ்வறிவு எம் அன்னையாரிடம் இருந்தது. அவருக்கு அதனை அளித்தவர் அவர் மாமியார். இரவிற் பழம் விழும் ஒலி கேட்டால், எம்மரத்துக் காய் என்று பாயிற் கிடந்தபடியே சொல்வார். தாலவிலாசம் என்னும் நூல் பனையின் பயன்களை 801 எனக் கணக்கிடுகின்றது என்பது பலரும் எடுத்தாளுஞ் செய்தி. எவ்வளவிலுள்ள எந்த மரம் எப்பயனுக்கு உரியது என்பதை எழுதி வைத்த ஏடு எங்கள் ஊரில் இல்லை. அது பெண்களின் நாவிலும் நினைவிலுமே வாழ்ந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். நாங்களும் நீங்கி, மறு ஆண்டு மீண்டோம். கிணற்றடிப் பனை நின்ற இடத்தில் அடிக்கட்டை மாத்திரம் இருந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் போர்க்காலத்தில் தறிக்கப்பட்ட பனைகள் மிகப் பல. அன்னையார் வீட்டுக் கூரையைப் பார்க்குமுன் அக்கட்டையைப் பார்த்தார். "இனிப் பணியாரத்துக்கு எந்த மரத்துக் காயை எடுக்கிறது?" என்றார். அவ்வாண்டு ஆவணி முழுவதும் ஒழுங்கையில் விழுந்த பழங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் களியையும் நாவில் வைத்துப் பார்த்து, அயல் வளவுகளில் இரண்டு மரங்களைத் தெரிந்தெடுத்தார். இன்று எங்கள் வீட்டுப் பணியாரம் அவ்விரண்டு மரங்களின் களியால் ஆவது.

இழந்த மரத்தை மீண்டும் நட்டுவிடலாமே எனின், அஃது எளிதன்று. பனைக்குப் பதியமில்லை, ஒட்டுமில்லை, விதையே வழி. முளைத்த கன்று பூப்பதற்கு 12 ஆண்டுக்கு மேலும் ஆகும். பூக்கும்வரை அது ஆணோ பெண்ணோ எனக் கண்ணாற் கண்டறிதல் இயலாது. பெண்ணே ஆயினும் தாய்மரத்தின் சுவையைத் தரும் என்னும் உறுதியில்லை. எனவே இனிய பனையொன்று வீழுமாயின், நட்டவர் முதுமையில் அறிவதற்கு ஒரு வினாவை நட்டவராகின்றார். நிற்கின்ற மரங்களுள் இனியது எது என்று அறிந்தோரும் நாளுக்கு நாள் குறைகின்றனர். மரம் நின்றும் அதன் இயல்பை அறிந்தவர் இல்லையெனில், அம்மரமும் பணியாரத்திற்கு இழந்த மரமே.

ஆதலின் வருகின்ற ஆடியில் எம் மாணாக்கர்க்கு ஒரு பயிற்சி இடக் கருதியுள்ளேன். ஒவ்வொருவரும் தத்தம் பாட்டியாரிடமோ அயலிலுள்ள மூதாட்டியிடமோ சென்று, எந்தப் பனையின் களி இனிக்கும், எது கைக்கும் எனக் கேட்டு, மரம் நிற்கும் இடத்தைக் குறித்துக் கொப்பியில் எழுதி வரல் வேண்டும். இனிய மரத்தின் விதைகளுட் சிலவற்றைக் கிழங்குப் பாத்தியில் இடாது வேலியோரத்தில் ஊன்றல் வேண்டும். ஒருமுறையேனும் களி பிசைந்து வரல் வேண்டும். பிற ஆசிரியர்களும் தத்தம் ஊரில் இவ்வாறு செய்வாராயின் நன்று. கைகளில் மஞ்சள் ஏறி வரும் பிள்ளைகளுக்குப் பனங்காய் என்னும் புணர்ச்சியை அன்று மீண்டும் ஒருமுறை கற்பிப்பேன்.