விண்டோஸ் நிரல் லினக்ஸில் ஓடுமா?

"கடைக் கணக்கு எழுதும் நிரல் விண்டோஸில்தான் ஓடும். கணிப்பொறியில் லினக்ஸ் போட்டுவிட்டால் அது என்ன ஆகும்?" கடந்த சில மாதங்களாக நம் சங்க அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 2017-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணிப்பொறிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட யாருக்கு மனம் வரும்?

லினக்ஸ் இலவசம். பழைய கணிப்பொறியிலும் ஓடும். நம் நாட்டிலேயே சென்னை சி-டாக் நிறுவனம் 2007 முதல் 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸை வெளியிட்டு வருகிறது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணிப்பொறி படிக்கிறார்கள். தயக்கமெல்லாம் பழைய நிரல்களைப் பற்றித்தான். அந்தத் தயக்கத்தைத் தீர்க்க, ஒரு நிரல் எப்படி ஓடத் தொடங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

நிரல் என்பதும் ஒரு கோப்புதான். அதைத் தொட்டவுடன் லினக்ஸின் கருவான 'கெர்னல்' அந்தக் கோப்பின் முதல் 256 பைட்டுகளைப் படித்துப் பார்க்கிறது. பெயருக்குப் பின்னால் 'எக்ஸி' என்று இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஓட்டுவதற்கான அனுமதி கோப்புக்கு இருக்க வேண்டும். தொடக்கத்தில் தனக்குத் தெரிந்த அடையாளம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

லினக்ஸின் சொந்த நிரல்களில் முதல் பைட்டு 127 என்ற எண். அடுத்த மூன்று பைட்டுகள் 'ஈ, எல், எஃப்' என்ற எழுத்துகள். இந்த 'எல்ஃப்' வடிவம் யூனிக்ஸ் சிஸ்டம் 5-இலிருந்து வந்தது. எந்தச் சில்லுக்கான நிரல், 32 பிட்டா 64 பிட்டா, நினைவகத்தில் எந்தப் பகுதி எங்கே போக வேண்டும், எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதன் தலைப்பகுதியில் இருக்கும். இதற்கு முன் லினக்ஸில் வழங்கிய 'ஏ.அவுட்' என்ற பழைய வடிவத்தை 2022-இல் கெர்னலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

விண்டோஸ் நிரலைத் திறந்தால் முதல் இரண்டு எழுத்துகள் 'எம், இசட்'. டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் இந்த வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவரின் பெயரெழுத்துகள் அவை! பின்னால் வந்த விண்டோஸும் அதே எழுத்துகளை முன்னால் வைத்துக்கொண்டு, தன் உண்மையான விவரங்களைச் சற்றுத் தள்ளி 'பி.ஈ.' என்ற அடையாளத்தோடு எழுதுகிறது. லினக்ஸ் கெர்னலுக்கு இந்த அடையாளம் தெரியாது. 'வடிவம் சரியில்லை' என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஊர் மாற்றலாகி வந்த நமக்கு இது புதிதல்ல. தமிழில் எழுதிய டி.சி.யோடு குழந்தையை இங்கே பள்ளியில் சேர்க்கப் போனால், எழுத்தர் தலைப்பைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிடுவார். குழந்தையின் அறிவில் குறை ஒன்றும் இல்லை. இந்த அலுவலகம் கேட்கும் முறையில் அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

விண்டோஸ் நிரலின் நிலையும் அதுதான். உள்ளே இருக்கும் கட்டளைகள் அதே இன்டெல் சில்லுக்கு எழுதியவை. சில்லுக்கு அவை நன்றாகப் புரியும். தடை இரண்டு. ஒன்று கோப்பின் வடிவம். மற்றது, 'ஒரு கோப்பைத் திற', 'ஒரு சன்னலை வரை' என்று அது விண்டோஸிடம் கேட்கும் உதவிகள். இந்த இரண்டையும் தீர்த்துவைக்கும் துபாஷிதான் 'ஒயின்' என்னும் மென்பொருள். 1993-இல் தொடங்கிய இந்தப் பணியை 1994 முதல் அலெக்ஸாந்தர் ஜூலியார் நடத்தி வருகிறார். முதல் முழுப் பதிப்பு 2008-இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு!

ஒயின் விண்டோஸ் கோப்பைப் படித்து நினைவகத்தில் ஏற்றுகிறது. நிரல் கேட்கும் ஒவ்வோர் உதவியையும் லினக்ஸ் முறைக்கு மாற்றிக் கேட்டு வாங்கித் தருகிறது. நிரல் தன் 'சி டிரைவ்' என்று நம்புவது உண்மையில் உங்கள் கோப்புறைக்குள் இருக்கும் ஒரு சிறு கோப்புறைதான். கட்டளைகள் நேரே சில்லிலேயே ஓடுவதால் வேகமும் பெரிதாகக் குறையாது. 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'புரோட்டான்' இதே ஒயினை அடிப்படையாகக் கொண்டதுதான். உங்கள் பிள்ளைகள் அதில் விளையாடிக்கொண்டிருக்கலாம்.

சில்லே வேறாக இருந்தால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க வேண்டும். 2003-இல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்ட 'கியூஎமு' அதைச் செய்யும், வேகம் குறையும். டாஸ் காலத்து நிரல்களுக்கு 'டாஸ்பாக்ஸ்' இருக்கிறது. அது ஒரு பழைய கணிப்பொறியையே நடித்துக் காட்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. 'எம், இசட் என்று தொடங்கும் கோப்பு வந்தால் ஒயினிடம் கொடு' என்று கெர்னலிடமே பதிவு செய்து வைக்கலாம். பிறகு விண்டோஸ் நிரலைச் சொந்த நிரல் போலவே ஓட்டலாம்.

எல்லாம் ஓடும் என்று நான் சொல்லமாட்டேன். கெர்னலுக்குள் புகுந்து வேலை செய்யும் டிரைவர்கள் ஒயினில் ஓடா. பூட்டுச்சாவி போல யூ.எஸ்.பி. சாதனம் கேட்கும் கணக்கு நிரல்களும், டிஜிட்டல் கையெழுத்துச் சாதனங்களும் தகராறு செய்யலாம். வைரஸும் ஒரு நிரல்தானே? ஒயின் வேலி அல்ல. ஒயினில் ஓடும் கெட்ட நிரல் உங்கள் கோப்புகளைத் தொட முடியும்.

ஆகவே அன்பர்களுக்கு என் யோசனை இது. முதலில் கணக்குகளையும் படங்களையும் வேறொரு வட்டில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு லினக்ஸை யூ.எஸ்.பி. குச்சியிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. அதில் ஒயினைப் போட்டு, உங்களுக்கு இன்றியமையாத நிரலைத் திறந்து, ஒரு பில் போட்டு, அச்சும் எடுத்துப் பாருங்கள். சரியாக வந்தால் மாறிக்கொள்ளுங்கள். வராவிட்டால் அந்த ஒரு நிரலுக்காக விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இணையத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் லினக்ஸைப் பயன்படுத்துங்கள். புதிய கணிப்பொறிக்கான பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம்.