கறந்த பால் காசாகும் வழி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வெள்ளாமைப் பணம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் கைக்கு வரும். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும், திருமானூரில் நெல், ஜெயங்கொண்டம், செந்துறையில் முந்திரி. இடைப்பட்ட மாதங்களில் மளிகைக் கடனை அடைப்பது பால் பணம்தான். அதனால் பாலை யாரிடம் ஊற்றுவது என்பது சிறு விவசாயிக்குப் பெரிய முடிவு.

முதல் வழி, ஊரார் ‘சொசைட்டி’ என்றே சொல்லும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். காலையும் மாலையும் பால் எடுக்கிறார்கள். அது குளிர்விக்கப்பட்டு, திருச்சி கூட்டுறவுப் பால் ஒன்றியத்தின் வழியாக ஆவின் பாலாகிறது. பசும்பால் கொள்முதல் விலையை அரசு 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது.

ஆனால் அந்த விலை எல்லாப் பாலுக்கும் அப்படியே கிடைப்பதில்லை. கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் சோதிக்கப்பட்டு, அளவு குறைந்தால் விலையும் குறையும். கறக்கும் முறைக்கும் இதில் பங்குண்டு. மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதலில் கறந்ததை மட்டும் கேனில் ஊற்றினால் கொழுப்பு குறைவாகவே காட்டும். இரவு நீண்ட இடைவெளிக்குப் பின் கறக்கும் காலைப் பால் அளவில் கூடுதல். மாலைப் பாலில் கொழுப்பு கூடுதல். கோடையில் பசுந்தீவனம் இல்லாமல் வெறும் தட்டையும் வைக்கோலும் தின்னும் மாட்டின் பாலில், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காவிட்டாலும், திடப்பொருள் இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொருவர் பாலையும் அவர் கண்முன்னே சோதித்து, அளவும் தரமும் விலையும் அச்சிட்ட சீட்டை அங்கேயே கொடுப்பது அவசியம். எல்லாப் பாலையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி விலை போட்டால் நல்ல பால் ஊற்றுபவர்தான் நட்டப்படுகிறார். லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டுவதைவிட இந்தச் சீட்டு அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு.

தனியார் நிறுவனங்களும் ஊருக்குள் வந்து பால் எடுக்கின்றன. பால் தட்டுப்பாடான காலத்தில் விலையைக் கூட்டித் தருவார்கள். பால் பெருகும்போது குறைத்துவிடுவார்கள். மாடு வாங்க அவர்களிடம் முன்பணம் பெற்றவர், கடன் தீரும்வரை வேறிடத்தில் ஊற்ற முடியாமல் தவிப்பதும் உண்டு.

வாடிக்கை வீடுகளிலும் டீக்கடைகளிலும் லிட்டருக்குக் கிடைப்பது பொதுவாக எல்லாவற்றையும்விட அதிகம். சோதனை கிடையாது, நம்பிக்கைதான் அளவுகோல். ஆனால் ஊரில் வாங்கும் வீடுகளுக்கு ஒரு எல்லை உண்டு. மாடு சினையாகிப் பால் வற்றும் மாதங்களில் வாடிக்கை கைமாறிவிடும். கடன் பாக்கியும் நிற்கும்.

எனவே பலரும் ஒரு வேளைப் பாலை வாடிக்கைக்கும் மறுவேளைப் பாலைச் சொசைட்டிக்கும் பிரித்து ஊற்றுகிறார்கள். சினை ஊசி, மாட்டுத் தீவனம், கறவை மாட்டுக் கடனுக்கான பரிந்துரை, சங்கம் லாபம் காட்டினால் போனஸ் ஆகியவை தொடர்ந்து பால் ஊற்றும் உறுப்பினருக்கே கிடைக்கும் என்பதால், வெளியே விலை கூடுதலாக இருக்கும் மாதங்களிலும் சொசைட்டிக் கணக்கை அவர்கள் விட்டுவிடுவதில்லை.